ஆற்றுக்காகப் போராடியவர் மக்களவைக்கு நிற்கலாமா?

கேட்டவர் நொய்யல் கரைக் கிராமத்துக்காரர். சாயக்கழிவுக்கு எதிராகப் பல வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவர். அடுத்த மக்களவைத் தேர்தலில் சுற்றுச்சூழலையும் சமூக நீதியையும் முன்வைத்துச் சுயேச்சையாக நிற்கும்படி நண்பர்கள் சொல்கிறார்களாம். நின்றால் பலன் உண்டா, ஏதாவது கட்சி வழியாக நிற்பது மேலா, வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார்களே வாங்கலாமா என்று மூன்று கேள்வி.

சட்டப்படி தடை எதுவும் இல்லை. 25 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக இருந்து, நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மக்களவைக்கு நிற்கலாம். ஆனால் சுயேச்சையாக, மக்களவைக்கு, எடுத்த எடுப்பிலேயே என்று மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்றில் ஒன்றை மாற்றினாலும் கதை வேறு.

முதலில், உங்கள் ஆற்றின் குடுமி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாயப்பட்டறை ஓடலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் நாடாளுமன்றம் போட்டவைதான். ஆனால் அவற்றை நடத்துவது மாநில வாரியம். அதன் தலைவரை நியமிப்பது மாநில அரசு. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்த வழக்கை வருஷக்கணக்கில் நடத்தியது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம். இந்தக் கதையில் எம்.பி. என்று யாருக்காவது பெரிய பங்கு இருந்ததா? தூத்துக்குடியைப் பாருங்கள். 2018 மே 22-இலும் மறுநாளும் 13 பேர் சுடப்பட்டு இறந்த பிறகு, மே 28-இல் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடும் ஆணையைப் போட்டது மாநில அரசு. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அப்படியென்றால் நாடாளுமன்றம் எதற்கு? அதற்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. அணு உலை, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வன உரிமைச் சட்டம், நிலம் கையகப்படுத்தும் சட்டம், ஹைட்ரோகார்பன் உரிமம் எல்லாம் தில்லியின் கையில் உள்ளவை. 2020 ஜனவரியில், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கையில் மாற்றிவிட்டது. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. ஒரே மண், இரண்டு அதிகாரம். உங்கள் பிரச்சினை இதில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துத்தான் எந்தத் தேர்தல் என்பதே முடிவாக வேண்டும். சாயக்கழிவு பெரும்பாலும் மாநிலத்தின் பக்கம்.

இனி ஓட்டுக் கணக்கு. இதற்கு 2014-ஐ விட நல்ல பாடம் கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் இடிந்தகரையில் 2011-இல் பெரிதாக எழுந்தது. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் ஒரு சூழல் போராட்டம் அவ்வளவு நாள், அவ்வளவு ஒற்றுமையோடு நின்றது அபூர்வம். பெண்களும் மீனவர்களும் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு வரை வழக்கு. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். அந்த இயக்கத்தின் முகங்களான சுப. உதயகுமார் கன்னியாகுமரியிலும் மை.பா. புஷ்பராயன் தூத்துக்குடியிலும் 2014-இல் ஆம் ஆத்மி கட்சி சார்பில் நின்றார்கள். திருநெல்வேலியிலும் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் நின்றார். உதயகுமாருக்கு 15 ஆயிரம் சொச்சம், புஷ்பராயனுக்கு 26 ஆயிரம் சொச்சம் ஓட்டு. கன்னியாகுமரியில் ஜெயித்த பொன். ராதாகிருஷ்ணன் வாங்கியது 3 லட்சத்து 72 ஆயிரத்துக்கு மேல்.

உலகமே திரும்பிப் பார்த்த போராட்டத்துக்கு இவ்வளவுதானா என்று அப்போது பலர் கேட்டார்கள். வரைபடத்தை விரித்து வைத்தால் பாதி விடை கிடைக்கும். கூடங்குளமும் இடிந்தகரையும் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வருகின்றன. அது திருநெல்வேலி மக்களவைத் தொகுதி. உதயகுமார் நாகர்கோவில்காரர், நின்றது கன்னியாகுமரியில். அதாவது பந்தலில் அவரோடு உட்கார்ந்த இடிந்தகரை மக்கள் ஒருவர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. தூத்துக்குடியிலும் கடற்கரை ஊர்கள் ஒரு விளிம்புதான். உள்ளே போனால் கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளியும் விளாத்திகுளம் மானாவாரி விவசாயியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அணு உலை வேறு யாருடைய கவலையோ.

இன்னொரு பாதி மின்வெட்டு. 2012, 2013-இல் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. கோவையிலும் திருப்பூரிலும் சிறு பட்டறைகள் முடங்கிப்போயின. உலையை எதிர்ப்பவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி ‘அப்போ கரண்டுக்கு என்ன பண்ணுவீங்க?’ என்பதுதான். இயக்கத்திடம் பதில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, கையை நீட்டிக் காட்டினால் போதும். ஆனாலும் அந்தப் பதில் ஓட்டாக மாறவில்லை. ஒரு கட்டுரையில் நிரூபிப்பது வேறு, ஆறு சட்டமன்றத் தொகுதியில் ஆயிரத்துச் சொச்சம் பூத்தில் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. அந்த ஆள்பலம் இல்லை. போதாக்குறைக்கு அந்தத் தொகுதியில் அந்த வருஷம் போட்டி பாஜக, காங்கிரஸ் என்று இரண்டாகப் பிளந்துகொண்டது. திமுகவே அங்கே டெபாசிட் இழந்தது என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

டெபாசிட் திரும்பக் கிடைக்க, பதிவான செல்லுபடியாகும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 10 லட்சம் ஓட்டு பதிவாகும் தொகுதியில் அது 1 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். இந்தத் தடையை உங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் சேர்ந்தாலும் தாண்ட முடியாது. நொய்யலின் நிலைமை இன்னும் மோசம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று மக்களவைத் தொகுதிகளைக் கடந்து காவிரியில் போய் விழுகிறது. ஆற்றால் கெட்டவர்கள் நான்கு தொகுதியிலும் இருக்கிறார்கள், எந்த ஒரு தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லை.

அதே 2014-இல் வடகிழக்கு மும்பையில் நின்ற, நர்மதை அணையை எதிர்த்துப் போராடிய மேதா பட்கருக்கு 76 ஆயிரம் சொச்சம் ஓட்டுடன் மூன்றாம் இடம். அவர் பேர் தெரியாத ஆள் நாட்டில் குறைவு. ஆனால் நர்மதைப் பள்ளத்தாக்கு மும்பையில் இல்லை. மான்கூர்டு, கோவண்டி பக்கத்துக் குடிசைவாசிகளுக்காக அவர் செய்த வேலைக்குக் கிடைத்த ஓட்டு என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

ஜெயித்தவர்களே கிடையாதா என்றால் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஹாத்கணங்கலே தொகுதியில் ராஜு ஷெட்டி 2009-இலும் 2014-இலும் ஜெயித்தார். கரும்பு விவசாயிகள் சங்கத் தலைவர். அவர் ஏறிய படிகளைக் கவனியுங்கள்: 2002-இல் மாவட்டப் பஞ்சாயத்து, 2004-இல் ஷிரோல் சட்டமன்றம், 2009-இல் மக்களவை. அந்தப் பகுதியில் கரும்பு போடாத ஊரைத் தேட வேண்டும், எனவே அவர் சங்கம் இல்லாத ஊரும் அதிகம் இருந்திருக்காது. அதாவது அவருடைய போராட்டக் களமும் தொகுதியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இது அமையாதவர்களுக்கு எவ்வளவு பேர் புகழ் இருந்தாலும் கஷ்டம். அவரும் 2019-இல் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பிரிட்டனில் பசுமைக் கட்சியின் கரோலின் லூகாஸ் 2010-இல் பிரைட்டன் பெவிலியன் தொகுதியில் 1,252 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, அக்கட்சியின் முதல் எம்.பி. ஆனார். அதற்கு முன் பல வருஷமாக அந்த ஊர் நகர்மன்றத்தில் அக்கட்சி இடம் இடமாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. ஆனால் இந்த உதாரணத்தைக் காட்டி யாராவது உங்களை உசுப்பேற்றினால் ஒன்றைக் கேளுங்கள்: அந்தத் தொகுதியின் மொத்த வாக்காளர்கள் எத்தனை பேர்? முக்கால் லட்சத்தை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியிலேயே சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேல். நம்முடைய மாவட்ட ஊராட்சி வார்டு ஒன்று சுமார் 50 ஆயிரம் மக்கள்தொகைக்குப் பிரிக்கப்படுகிறது. பிரைட்டன் எம்.பி.க்கு அளவில் நெருங்கி வருவது நம் ஊர் மாவட்டக் கவுன்சிலர்தான், கோவை எம்.பி. இல்லை! அங்கேயும் 2015-இல் பசுமைக் கட்சிக்கு நாடு முழுக்க 11 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்து ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. இங்கே மேடையில் மண், மலை, ஆறு என்று மற்றவர்களைவிட அதிகம் பேசும் நாம் தமிழர் கட்சி 2024-இல் 8 விழுக்காடு தாண்டியும் ஓர் இடம் கிடைக்கவில்லை. முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற முறையில் சிதறிய ஓட்டுக்கு மதிப்பு கிடையாது.

ஜெயிப்பதற்காக இல்லாமல், கவனத்தை இழுக்க மட்டும் நிற்பது தனி ரகம். அதில் உங்கள் பக்கத்து ஊர்தான் சாதனை படைத்தது. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டு 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. பலருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை, தங்கள் ஓட்டையே தங்களுக்குப் போடவில்லை போல. அதே வருஷம் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், தண்ணீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன மக்களின் பிரச்சினையைச் சொல்ல 480 பேர் நின்றார்கள். அரசாங்கத்துக்கு உடனே உறைத்தது, ஆனால் வேறு விதமாக. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, மக்களவை டெபாசிட்டை 500 ரூபாயிலிருந்து 10 ஆயிரமாக்கினார்கள், சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்றார்கள். இன்று நீங்கள் கட்டப்போகும் 25 ஆயிரத்துக்கும் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி) தேடப்போகும் பத்துக் கையெழுத்துக்கும் பின்னால் அந்த விவசாயிகள் இருக்கிறார்கள்.

2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. மஞ்சள் வாரியம் கேட்டு விவசாயிகள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் மனு போட, மொத்தம் 185 வேட்பாளர்கள். அன்றைய முதலமைச்சரின் மகள் அங்கே தோற்றார். ஜெயித்த பாஜக வேட்பாளர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வாரியம் வர 2025 ஜனவரி ஆனது, ஆனாலும் வந்தது, தலைமையகமும் நிஜாமாபாத்தில்தான். கோரிக்கை ஒன்றே ஒன்று, யாரிடம் கேட்கிறோம் என்பதும் தெளிவு, கேட்டது ஒன்றிய அரசால் மட்டுமே தரக்கூடியது. மூன்றும் பொருந்தியதால் தோற்ற வேட்பாளர்களின் கோரிக்கை ஜெயித்தது. ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று பொதுவாகச் சொல்லி 170 பேர் நின்றிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

எதிர்மாறான பாடமும் கூடங்குளத்திலேயே இருக்கிறது. 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லித் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள் 19-ஆம் தேதி அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஓட்டுப்பதிவு முடியும்வரைதான் நமக்கு மரியாதை. வாக்குறுதியை எழுதி வாங்குவதாக இருந்தால் அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் நிற்பதாக முடிவெடுத்தால், காகித வேலையில் கோட்டை விடாதீர்கள். 2014-இல் நீலகிரியில் பாஜக வேட்பாளரின் மனுவே கட்சிப் படிவம் உரிய நேரத்தில் சேராததால் தள்ளுபடி ஆனது. பெரிய கட்சிக்கே அந்தக் கதி. வேட்புமனுவோடு 26-ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், அதில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது. இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். பத்து முன்மொழிபவர்களும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று பேரிடம் வாங்கிப் பல மனுவாகப் போடுவது நல்லது, நான்கு மனு வரை போடலாம்.

போராட்டக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பது தகுதியிழப்பு ஆகாது, பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால்தான் சிக்கல். ஆனால் நிலுவையில் உள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். அதோடு, உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு, அவற்றைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை உங்கள் செலவில் விளம்பரம் செய்ய வேண்டும். மறியலுக்குப் போட்ட வழக்கும் கொள்ளை வழக்கும் ஒரே பட்டியலில் வரும். சாலை மறியலில் ‘மற்றும் பலர்’ என்று எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆர்.களில் உங்கள் பெயர் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கலாம். எனவே மனுப் போடுவதற்குப் பல மாதம் முன்பே ஒரு வழக்கறிஞரை வைத்து, நீங்கள் போராடிய காவல் நிலையங்களில் எல்லாம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தேர்தல் வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை நேரடியாகத் தடுக்கிறது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான், அவர் தமிழில் பேசினாலும். அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து தருவது வேறு விஷயம். நீங்கள் ஏதாவது தொண்டு நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தால், அதன் கணக்கும் தேர்தல் கணக்கும் ஒரு ரூபாய் அளவுக்குக்கூட ஒட்டக்கூடாது. பிற்பாடு உங்களை மடக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

மனுத் தாக்கலுக்கு முன்பே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 95 லட்சம். நீங்கள் அதன் பக்கத்தில் போகப்போவதில்லை என்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை வரலாம். தோற்ற சுயேச்சைகள் பலர் சோர்ந்துபோய் இதை விட்டுவிட்டு, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்தின் பணம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2019-இல் வேலூர் தேர்தலையே பணப் பறிமுதலால் ரத்து செய்தார்கள்.

சின்னம் கடைசி இரண்டு வாரத்தில்தான் கையில் வரும். அதற்குள் 15 லட்சம் பேரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். முன்னாள் முதலமைச்சருக்கே அந்த நிலை.

இனி நீங்கள் முன்வைக்கப்போகும் பேச்சு. சுற்றுச்சூழல், சமூக நீதி என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் அவை சேர்ந்துவிடாது. உங்கள் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் பட்டறைகள் மூடியபோது ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது, ஆனால் அன்றைக்கு வேலை போனது யாருக்கு? முதலாளி சிலர் வேறு ஊருக்குத் துணியை அனுப்பிச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். தினக்கூலிக்குச் சாயத்தொட்டியில் கை விட்டவர் வீட்டில் உட்கார்ந்தார். அவரிடம் போய் ‘ஆறு நல்லா இருக்கணும்’ என்று ஓட்டுக் கேட்டால் என்ன சொல்வார்? பட்டறை மூடும் நாளுக்கான கூலி யார் தருவது, சுத்திகரிப்புச் செலவை ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் தலையில் எப்படிக் கட்டுவது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இழப்பீடு இன்னொன்று. நொய்யல் பாதிப்புக்கு இழப்பீட்டு ஆணையம் கணக்குப் போட்டது நிலம் வைத்திருந்தவர்களுக்கு, நிலத்தை வைத்து. அந்த நிலத்தில் களை எடுத்த, வெள்ளாமை அறுத்த அருந்ததியர் குடும்பங்களும் அதே கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரோடுதான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஏக்கரும் இல்லை, அதனால் கணக்கும் இல்லை. உங்கள் சங்கத்தில் அவர்கள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் கேட்காவிட்டாலும் ஊரில் கேட்பார்கள். நிலவுடைமைச் சாதிகளின் சங்கம் ஒன்று சமூக நீதி பேசி ஓட்டுக் கேட்டால் காலனியில் சிரிப்பார்கள். ஆற்றைக் காக்கும் கோரிக்கைப் பட்டியலில் நிலமற்ற கூலிக்காரரின் இழப்பீடு முதல் வரியில் வந்தால், அதுவும் அந்தத் தெருவைச் சேர்ந்தவரே மேடையில் அதைப் படித்தால், அப்போது இரண்டும் சேரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தைக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. அவர்களைப் பற்றி நீங்கள் பேசினால் லாபமில்லை, பேசாவிட்டால் நியாயமில்லை. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்சியா சுயேச்சையா என்ற கேள்விக்கு, ஒரே ஒருவராக மக்களவைக்குள் போனால் என்ன செய்ய முடியும் என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். கேள்வி கேட்கலாம், இது உண்மையிலேயே வலுவான ஆயுதம். அமைச்சகம் எழுத்தில் தரும் பதில் பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆதாரமாக நிற்கும். அமைச்சகம் போடும் விதிகளை அவையில் வைக்கும்போது அவற்றைத் திருத்தக் கோரித் தீர்மானம் கொடுக்கலாம், இதை நம் எம்.பி.க்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அப்படி இரு அவையும் நிறைவேற்றிச் சட்டமான கடைசி மசோதா 1970-இல். ஆனால் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015-இல் அந்த அவையில் நிறைவேறியது, அதன் அழுத்தத்தில் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர் ஒரு பெரிய கட்சியின் உறுப்பினர் என்பதைக் கவனியுங்கள். நேரம் ஒதுக்குவது, குழுக்களில் இடம் எல்லாம் கட்சிப் பலத்தைப் பொறுத்தது.

கட்சிக்குள் போனால் கொறடா இருக்கிறார். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி ஆணையை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். உங்கள் கட்சி நாளைக்கு ஒரு திட்டத்தை ஆதரித்தால் நீங்களும் கை தூக்க வேண்டும். உதயகுமார் 2014 தேர்தல் முடிந்து அதே ஆண்டிலேயே ஆம் ஆத்மியிலிருந்து விலகியதற்கு, அணுசக்தி பற்றி அக்கட்சி தெளிவான நிலை எடுக்காததும் காரணம். எனவே சேர்வதற்கு முன்னால், உங்கள் ஆறு பற்றிய நிலைப்பாட்டைக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் அச்சில் பார்த்த பிறகு சேருங்கள். மாவட்டச் செயலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது எதற்கும் ஆகாது.

என் யோசனை, அடுத்து வரும் உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றிய வார்டுக்கோ மாவட்ட ஊராட்சி வார்டுக்கோ நீங்கள் நில்லுங்கள். கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னமே கிடையாது, உங்கள் ஆட்களில் நான்கைந்து பேரை ஆற்றோரம் வெவ்வேறு ஊராட்சிகளில் நிறுத்துங்கள். அந்தப் பதவியை லேசாக எண்ண வேண்டாம். கேரளத்தில் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி என்ற ஒரு கிராமப் பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி அதற்குப் பிறகு நிலையாகத் தொடங்கவே இல்லை. அதன்பின் சட்டமன்றம். மக்களவை மூன்றாவது.

மக்களவைத் தேர்தல் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான்கு தொகுதி வேட்பாளர்களிடமும் ஒரே கோரிக்கையைக் கொடுங்கள், ஒன்றிய அரசு மட்டுமே செய்யக்கூடியதாகப் பார்த்து ஒன்றே ஒன்று. நிஜாமாபாத்காரர்கள் மாதிரி பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள். யாரும் தர மறுத்தால் அப்போது கூட்டமாக மனு போடுவது பற்றி யோசிக்கலாம், தலைக்கு 25 ஆயிரம் போய்விடும் என்பதைச் சங்கத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. இதற்கிடையில் உங்கள் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, பூத்துக்கு இரண்டு பேர் வீதம் ஓட்டுப்பதிவு நாளன்று காலை ஆறு மணிக்கு வந்து உட்காரக்கூடிய ஆட்கள் எத்தனை பூத்துக்குத் தேறுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்த எண் வந்த பிறகு திரும்ப எழுதுங்கள், எந்தத் தேர்தல் என்று பேசலாம்.